ஜமைக்கா இன்: ஒரு பழைய விடுதியின் வரலாறும் பேய்க்கதைகளும்



இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்றொரு நிலப்பகுதி இருக்கிறது. மூன்று பக்கம் கடல். நான்காவது பக்கம் டேமர் ஆறு. கார்ன்வாலின் கிழக்குப் பகுதியில் போட்மின் மூர் என்னும் மேட்டுநிலம். அந்த மேட்டுநிலத்தில், போல்வென்டர் என்ற சிற்றூரில், 1750ஆம் ஆண்டு கட்டப்பட்ட வழிப்போக்கர் விடுதி ஒன்று இன்றும் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் ஜமைக்கா இன். பேய் உலவுவதாகப் பேர்பெற்ற பிரிட்டிஷ் விடுதிகளைச் சொல்லச் சொன்னால், முதல் சிலவற்றுள் இதன் பெயர் வந்துவிடும்.

இன்றைய உரையின் பொருள் அந்த விடுதியின் வரலாறும், அதைச் சூழ்ந்த பேய்க்கதைகளும். பேய் உண்டா, இல்லையா என்பதன்று இங்கு எழும் கேள்வி. அந்த வழக்கு எந்த அவையிலும் ஓர் இரவில் தீர்ந்ததில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தக் கதைகள் எந்த மண்ணில் முளைத்தன? எந்தக் காலத்தில் வளர்ந்தன? அவற்றால் பயன் அடைந்தவர் யார்? இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே விடுதிக்குள் நுழைந்தால், பேயைக் காட்டிலும் வியப்பான பல செய்திகள் கண்ணில் படும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம்.

போட்மின் மூர் கருங்கல் நிலம். அதன் உச்சியான பிரவுன் வில்லி குன்றின் உயரம் 420 மீட்டர். கார்ன்வாலில் அதைவிட உயர்ந்த இடம் இல்லை. மரம் அரிது. புல்லும் புதரும் பாறையும் சதுப்பும்தான் எங்கும். அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று தடையின்றி வீசும். மூடுபனி நினைத்த நேரத்தில் திரண்டு வந்து பாதையை விழுங்கிவிடும். போதாததற்கு, வரலாற்றுக்கு முந்தைய மனிதர் நட்டுவைத்த கல்வட்டங்கள் ஆங்காங்கே நிற்கின்றன. அவற்றுள் ஒரு தொகுதியை ‘ஹர்லர்ஸ்’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் பந்தாடியவர்கள் கல்லாய்ச் சமைந்தார்கள் என்பது அந்த ஊர்க்கதை. கல் ஒன்று கிடந்தாலே கதை ஒன்று பிறக்கும் மண் அது. அந்த மண்ணில் தனித்து நிற்கும் ஒரு விடுதிக்குக் கதை பிறக்காமல் இருக்குமா?

அடுத்தது சாலை. போட்மின், லான்ஸ்டன் என்னும் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இடையில் குறுக்கிடுவது இந்தப் பாழ்நிலம். குதிரை வண்டிக் காலத்தில் ஒரே மூச்சில் கடக்கக்கூடிய தொலைவன்று அது. குதிரைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். களைத்த குதிரையை அவிழ்த்துப் புதிய குதிரையைப் பூட்ட வேண்டும். மழையில் நனைந்தவர்கள் தீக்காய வேண்டும். இருட்டிவிட்டால் படுக்க இடம் வேண்டும். ஏறத்தாழப் பாதி வழியில் இந்த விடுதி எழுந்ததற்குக் காரணம் அதுதான். 1778இல் கட்டடம் விரிந்தது. வண்டிக் கொட்டிலும் குதிரை லாயமும் சேணம் வைக்கும் அறையும் கூடின. கல்பாவிய முற்றம், சுவரின் மேல் சிலேட்டுப் பலகைகள் பதித்த முகப்பு என்று இன்றைக்குக் காணும் தோற்றத்தின் பெரும்பகுதி அந்தக் காலத்தது.

பெயரில் ஜமைக்கா எப்படி வந்தது? பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அப்பகுதியின் நிலக்கிழார்களான டிரெலானி குடும்பம். அக்குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்ட் டிரெலானி 1738 முதல் 1752 வரை ஜமைக்காத் தீவின் ஆளுநராக இருந்தார். பின்னர் வில்லியம் டிரெலானி என்பவரும் அதே பதவியில் அமர்ந்து, 1772இல் பதவியிலிருக்கும்போதே இறந்தார். அவர் பெயரால் அமைந்த டிரெலானி மாவட்டம் இன்றும் ஜமைக்காவில் உண்டு. ஓட்டப்பந்தய வீரர் உசேன் போல்ட் பிறந்தது அங்கேதான். கார்ன்வால் மேட்டுநிலச் சாலை விடுதிக்கும் கரீபியக் கடலின் கரும்புத் தோட்டங்களுக்கும் இப்படி ஓர் இழை ஓடுகிறது. அந்த இழையைச் சற்றுப் பின்னர் மீண்டும் தொட வேண்டியிருக்கும்.

இனி, இந்த விடுதியின் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட தொழிலுக்கு வருவோம். அது கள்ளக்கடத்தல்.

18ஆம் நூற்றாண்டின் பிரிட்டன் ஓயாமல் போர் செய்த நாடு. போருக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வரி வேண்டும். பிராந்திக்கு வரி, புகையிலைக்கு வரி, தேயிலைக்கு வரி, உப்புக்குக்கூட வரி. தேயிலை மீதான தீர்வை 1784க்கு முன் ஏறத்தாழ 119 விழுக்காட்டை எட்டியிருந்தது. சரக்கின் விலையைவிட வரி கூடுதல்! துணியும் தப்பவில்லை. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வண்ணச் சீட்டித்துணியை இங்கிலாந்தில் உடுத்துவதே 1721ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயிற்று. விலைக்கு மேல் வரி, விரும்பிய பொருளுக்குத் தடை. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் கள்ளச்சந்தை தழைக்காமல் என்ன செய்யும்?

கடலுக்கு அக்கரையில் பிரான்சின் ரோஸ்காஃப் துறைமுகமும், நடுவில் கெர்ன்சி தீவும் சரக்குக் கிடங்குகளாயின. இக்கரையில் கார்ன்வாலின் நூற்றுக்கணக்கான சிறு வளைகுடாக்கள் இறங்குதுறைகளாயின. ஏறத்தாழ 18 லிட்டர் பிடிக்கும் சிறிய மரப்பீப்பாய்களில் பிராந்தி வரும். ஓர் ஆள் மார்பில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகக் கட்டிக்கொண்டு இரவோடு இரவாக மேடேறுவான். மட்டக்குதிரைகள் வரிசையாகச் சுமக்கும். கரையில் இறங்கிய சரக்கு உள்நாட்டுச் சந்தைக்குப் போக வேண்டுமானால், யாரும் காணாத நிலத்தைக் கடக்க வேண்டும். நடுவில் தங்க ஓரிடம் வேண்டும். கடற்காவலர் கண்ணுக்கு எட்டாத மேட்டுநிலம், அதன் நடுவே ஒரு விடுதி, குதிரை கட்ட லாயம், பீப்பாய் இருந்தால் யாரும் சந்தேகிக்காத மதுக்கூடம். ஜமைக்கா இன் கடத்தல்காரர்களின் இடைத்தங்கலாக இருந்தது என்ற பேச்சு ஏன் இவ்வளவு எளிதாக நிலைத்தது என்பதற்கு இந்த அமைப்பே விடை.

கடத்தல்காரன் என்றால் ஊருக்குப் பகைவன் என்று இன்றைய கேட்போர் எண்ணலாம். அன்றைய கார்ன்வால் அப்படி எண்ணவில்லை. பிரஷ்யா கோவ் என்ற கடற்கரையில் ஜான் கார்ட்டர் என்பவர் இருந்தார். ஊரார் அவரைப் ‘பிரஷ்ய மன்னர்’ என்றே அழைத்தனர். அவர் இல்லாத நேரத்தில் சுங்க அதிகாரிகள் வந்து சரக்கைப் பறிமுதல் செய்து, பென்சான்ஸ் நகரக் கிடங்கில் பூட்டி வைத்தார்களாம். வாங்குபவர்களுக்குக் குறித்த நாளில் சரக்கைத் தருவதாகச் சொன்ன சொல் போய்விடுமே என்று கார்ட்டர் இரவில் கிடங்கை உடைத்துச் சரக்கை எடுத்துக்கொண்டு போனார். காலையில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கார்ட்டரின் சரக்கு மட்டும் இல்லை; மற்றவை வைத்தது வைத்தபடி இருந்தன. “இது கார்ட்டரின் வேலைதான், அவன் நாணயமானவன், தன்னுடையது அல்லாததைத் தொடமாட்டான்” என்று சொல்லிக்கொண்டார்களாம். கதை கொஞ்சம் மெருகேறியதாக இருக்கலாம். ஆனால் மக்கள் மனத்தில் கடத்தல்காரன் எங்கே அமர்ந்திருந்தான் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

ஊர் ஆதரவு இருந்தாலும் ஊர்க்கண் ஆபத்தானது. இரவில் வெளியே வந்து பார்க்கும் ஒருவன் நாளைக்குச் சாட்சி சொல்லக்கூடும். அவனை வீட்டுக்குள்ளேயே இருத்துவது எப்படி? துப்பாக்கி வேண்டாம், ஒரு பேய் போதும்.

இதற்குச் சான்றாக இன்றும் சொல்லப்படுபவர் டாலண்ட் என்னும் கடலோர ஊரின் பாதிரியார் ரிச்சர்ட் டாட்ஜ். 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்தவர். பேயோட்டுவதில் வல்லவர் என்று பெயரெடுத்தவர். கடற்கரையிலிருந்து மேலேறும் ஒரு சந்தில் இரவில் பேய்கள் திரிவதாகவும், தாம் சவுக்கோடு நின்று அவற்றை விரட்டுவதாகவும் ஊருக்குள் பேச்சை உலவவிட்டாராம். மக்கள் அஞ்சிக் கதவடைத்தார்கள். அந்தச் சந்து வழியேதான் பீப்பாய்கள் மேலேறின என்றும், பாதிரியார் கடத்தல்காரர்களின் கூட்டாளி என்றும் கார்ன்வால் மரபு சொல்கிறது. கேட்போர் இந்த இடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. அந்தக் காலத்தில் பேய்க்கதையின் வேலை, மனிதரை ஓரிடத்திலிருந்து விலக்கி வைப்பது. அச்சம் ஒரு வேலியாக நின்றது.

கடத்தலோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு கொடுமை, கப்பலை உடைத்தல். பாறைக்கரையில் பொய்விளக்கு காட்டி, கலங்கரை விளக்கம் என்று நம்பிவந்த கப்பலை மோதவைத்து, பிழைத்து நீந்தி வருபவரையும் கொன்று கொள்ளையடித்தார்கள் என்பது கதை. உண்மை எவ்வளவு? உடைந்து ஒதுங்கிய கப்பலின் சரக்கை ஊர் திரண்டு அள்ளியது உண்மை. அதற்குப் பதிவுகள் ஏராளம். பொய்விளக்குக் காட்டுவோருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் 1753இல் வந்ததும் உண்மை. ஆனால் திட்டமிட்டுப் பொய்விளக்குக் காட்டிக் கப்பலைக் கவிழ்த்ததற்கு, கார்ன்வாலில் ஐயத்துக்கு இடமில்லாத சான்று கிட்டவில்லை என்பதே இதை ஆராய்ந்த வரலாற்றாளர்களின் முடிவு. அள்ளியது வரலாறு; கொன்றது பெரும்பாலும் கதை.

இந்தத் தொழில் எப்படி ஓய்ந்தது? துப்பாக்கியைவிடத் தூவல் வலியது என்பதற்கு 1784ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்காட்டு. பிரதமர் இளைய பிட் தேயிலைத் தீர்வையை 12.5 விழுக்காடாகக் குறைத்தார். தேயிலைக் கடத்தலின் ஆதாயம் ஒரே அடியில் கரைந்தது. நெப்போலியன் போர்கள் முடிந்தபின் கடற்காவல் இறுகியது. 1822இல் கடலோரக் காவல் படை ஒன்றாக ஒருங்கிணைக்கப்பட்டது. மறுபக்கம், மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி 1743 முதல் கார்ன்வாலுக்குப் பலமுறை வந்து, கடத்தல் பாவம் என்று முழங்கினார். விடுதிக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள டிரூயின்ட் சிற்றூரில் அவர் தங்கிய குடிசை இன்றும் காக்கப்படுகிறது. அதே வெஸ்லி பேயை நம்பியவர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அவர் சிறுவனாயிருந்த காலத்தில், எப்வர்த் ஊரிலிருந்த தந்தையின் இல்லத்தில் 1716–17 குளிர்காலத்தில் விளங்காத ஓசைகள் கேட்டதாக அக்குடும்பமே எழுதி வைத்திருக்கிறது.

1859இல் டேமர் ஆற்றின் குறுக்கே புருனெல் கட்டிய இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. ரயில் கார்ன்வாலுக்குள் நுழைந்தது. மேட்டுநிலத்துச் சாலையில் குதிரை வண்டிகள் குறைந்தன. விடுதியின் முற்றத்தில் ஆரவாரம் அடங்கியது. ஒரு காலத்தில் அது மது விற்காத விடுதியாகவும் இருந்தது. ஓசை நின்ற இடத்தில்தானே ஓசையின் நினைவு கேட்கத் தொடங்கும்?

இப்போது பேய்களைப் பார்ப்போம். ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும்.

முதலாவது, பாதிக் குவளை பீரோடு எழுந்துபோன வழிப்போக்கன். மதுக்கூடத்தில் ஓர் அயலான் பீர் அருந்திக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து யாரோ அழைத்தார்கள். பாதிக் குவளையை மேசையில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் மேட்டுநிலத்தில் பிணமாகக் கிடந்தான். கொன்றவர் யார், கொன்ற விதம் எது, எதுவும் துலங்கவில்லை. அதற்குப் பிறகு நடைவழியில் மதுக்கூடத்தை நோக்கிப் பூட்ஸ் கால்கள் நடந்துவரும் ஓசை கேட்பதாக விடுதி நடத்தியவர்கள் சொல்லிவந்தார்கள். மிச்சம் வைத்த பீரைக் குடித்து முடிக்க அவன் வருகிறான் என்பது விளக்கம். 1911இல் விடுதிக்கு வெளியே மதில்மேல் பேசாமல், அசையாமல், வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பாராமல் அமர்ந்திருந்த ஒருவனைப் பலர் கண்டதாகவும், பத்திரிகைகளில் அதுபற்றிக் கடிதங்கள் வந்ததாகவும் சொல்லப்படுகிறது.

இரண்டாவது, முற்றத்து ஓசை. நள்ளிரவில் கல்பாவிய முற்றத்தில் குளம்படிகள் கேட்கும். வண்டிச் சக்கரங்கள் உருளும். சன்னலைத் திறந்தால் முற்றம் வெறுமையாக இருக்கும். மூன்றாவது, முக்கோணத் தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்த ஆள். மூடிய கதவுக்குள் புகுந்து மறைவான். நான்காவது, ஓர் அறையில் தென்படும் தாயும் குழந்தையும், குழந்தையின் அழுகுரல். ஐந்தாவது, புரியாத மொழியில் கேட்கும் பேச்சு; அது பழைய கார்னிஷ் மொழி என்பார்கள்.

இவற்றை உரைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

முதல் கதையில் செத்தவனுக்குப் பெயர் இல்லை. ஆண்டு இல்லை. பிணத்தைக் கண்டவர் பெயர் இல்லை. இதை வேறொரு சாவோடு ஒப்பிடலாம். 1844 ஏப்ரலில் இதே மேட்டுநிலத்தின் ரஃப் டார் குன்றடியில் சார்லட் டைமண்ட் என்னும் 18 வயதுப் பண்ணைப் பணிப்பெண் கொலையுண்டாள். உடன் வேலைசெய்த மாத்யூ வீக்ஸ் கைதானான், வழக்கு நடந்தது, ஆகஸ்ட் மாதம் போட்மின் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அவள் இறந்த இடத்தருகே மக்கள் நினைவுக்கல் எழுப்பினார்கள். அவள் ஆவியும் அங்கே நடமாடுவதாகக் கதை உண்டு. ஒரு பேய்க்குப் பின்னால் வழக்கு மன்றத்தின் ஏடு இருக்கிறது. மற்றொரு பேய்க்குப் பின்னால் ஒரு குவளை மட்டும் இருக்கிறது. குவளைப் பேய் தனியொரு மனிதனின் வரலாறு அன்று. இரவில் அழைப்புக்குச் செவிசாய்த்து வெளியே போனால் திரும்பி வரமாட்டாய் என்று எல்லா வழிப்போக்கருக்கும் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது.

முற்றத்து ஓசைக்கு அடியில் இருப்பது வண்டிப் போக்குவரத்தின் பொற்காலம். முக்கோணத் தொப்பி 18ஆம் நூற்றாண்டின் நடையுடை. விடுதி செழித்திருந்த காலத்தின் சீருடை என்றே சொல்லலாம். ஆக, இந்த இரண்டு பேய்களும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். விடுதி தன் வளமான நாள்களைத்தான் இரவில் நினைத்துக்கொள்கிறது.

கார்னிஷ் மொழிப் பேய்தான் மிகவும் சுவையானது. தாய்மொழியாகக் கார்னிஷ் பேசிய கடைசி மனிதர் என்று மரபாகக் குறிக்கப்படும் டாலி பென்ட்ரீத் அம்மையார் 1777இல் மறைந்தார். அவர் வாழ்ந்த மவுஸ்ஹோல் மீனவர் ஊர், கார்ன்வாலின் மேற்குக் கோடி. விடுதியோ கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. விடுதி கட்டப்பட்ட 1750க்கு நெடுங்காலம் முன்பே கிழக்குக் கார்ன்வால் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. அப்படியானால், இந்த முற்றத்தில் கார்னிஷ் பேசியவர் யார்? வரலாறு தலையசைத்து மறுக்கிறது. ஆனால் கதை வேறொன்றைச் சொல்கிறது. ஒரு மக்கள் கூட்டம் தன் மொழியை இழந்துவிட்டது. இழந்த மொழியை எங்காவது கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கியது. அந்த ஏக்கத்துக்குப் பேய் வாய் கொடுத்தது. பேய்க்கு விட்டுவைத்த மொழியை மனிதர்கள் மீட்டெடுக்கத் தொடங்கியதும் நடந்தது. பிரிட்டிஷ் அரசு 2002இல் கார்னிஷுக்கு ஏற்பு அளித்தது. ‘அழிந்த மொழி’ என்ற வகைப்பாட்டிலிருந்து யுனெஸ்கோ அதை 2010இல் விடுவித்தது.

விடுதியின் சுற்றுப்புறக் கதைகளும் இதோடு பின்னியவை. அருகிலுள்ள டோஸ்மரி ஏரி அடியற்றது என்று நம்பப்பட்டது. டிரெகேகல் என்ற கொடிய நிலநிர்வாகியின் ஆவி, ஓட்டைச் சிப்பியால் அந்த ஏரியை இறைத்து முடிக்க வேண்டும் என்று தண்டிக்கப்பட்டதாம். புயல் இரவில் மேட்டுநிலத்தில் கேட்கும் ஊளை அவனுடைய கதறலாம். 1865இல் ராபர்ட் ஹன்ட் தொகுத்த கார்ன்வால் கதைகளில் இவன் இடம்பெற்றிருக்கிறான். உண்மையில் டோஸ்மரி ஆழமற்ற ஏரி. டிரெகேகல் என்ற பெயருடைய நிர்வாகி 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததும் உண்மை. உயிரோடிருந்தபோது தண்டிக்க முடியாத அதிகாரியை, செத்தபின் ஏழைகள் தங்கள் கதையில் தண்டித்தார்கள். நீதிமன்றம் கொடுக்காத தீர்ப்பைப் பேய்க்கதை கொடுத்தது.

இவ்வளவு பேய்கள் இருந்தும் ஜமைக்கா இன் உலகப் புகழ் பெற்றது ஓர் எழுத்தாளரால். 1930இல் டாப்னி டு மோரியே என்ற இளம்பெண், தோழி ஃபாய் குவில்லர்-கூச்சுடன் இந்த விடுதியில் தங்கினார். இருவரும் குதிரையேறி மேட்டுநிலத்துக்குள் போனார்கள். வானிலை கெட்டது, இருள் சூழ்ந்தது, வழி தவறியது. வேறு வழியில்லாமல் கடிவாளத்தைத் தளர்த்திக் குதிரைகளின் போக்கில் விட்டார்கள். குதிரைகள் நேராக விடுதிக்கே கொண்டுவந்து சேர்த்தன. அந்த அனுபவத்தின் விளைவாக 1936இல் ‘ஜமைக்கா இன்’ நாவல் வெளிவந்தது. அநாதையான மேரி யெல்லன் விடுதிக்கு வருகிறாள். அவள் சித்தியின் கணவன் ஜாஸ் மெர்லின், கப்பல் உடைக்கும் கூட்டத்தின் தலைவன். நாவலில் பேய் கிடையாது. மனிதக் கொடுமைதான் உண்டு. ஆயினும் அச்சத்தின் முகவரியாக விடுதி நிலைத்துவிட்டது. நாவலாசிரியர் தங்கிய நாள்களில் அது மது விற்காத அமைதியான விடுதி என்பதுதான் வேடிக்கை.

1939இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதைப் படமாக்கினார். ஹாலிவுட் செல்லும் முன் அவர் பிரிட்டனில் எடுத்த கடைசிப் படம் அது. சார்லஸ் லாட்டனும் மோரீன் ஓ’ஹாராவும் நடித்தனர். நாவலின் உண்மையான வில்லன் ஒரு பாதிரியார். அமெரிக்கத் தணிக்கை நெறி பாதிரியாரை வில்லனாக்க இடம் தராததால், படத்தில் அவர் ஊர்ப் பெரிய மனிதராக மாறினார். 1960களில் விடுதி சில ஆண்டுகள், ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’ எழுதிய அலிஸ்டர் மெக்லீனின் கையில் இருந்தது. 1980களில் வால்டர் பாட்டர் என்பவர் பாடம்செய்த விலங்குகளின் காட்சியகம் இங்கே வந்து சேர்ந்தது. திருமண உடையணிந்த பூனைக்குட்டிகள், பள்ளியில் அமர்ந்த முயல்கள் என்று விசித்திரமான தொகுப்பு அது. 2003இல் ஏலத்தில் சிதறியது. பிறகு தொலைக்காட்சிப் பேய்வேட்டைக் குழுக்கள் வந்தன. கட்டணம் செலுத்திப் பேய் தேடும் இரவுகள் வந்தன.

இங்கே அறிவியலின் குரலையும் கேட்டாக வேண்டும். பழைய மரத்தளம் இரவுக் குளிரில் சுருங்கும்போது முனகும். காலடி போலவே ஒலிக்கும். சிலேட்டுப் பலகை பதித்த சுவரில் காற்று புகுந்தால் தட்டும். தூக்கமும் விழிப்பும் கலந்த நிலையில் உடல் அசையாமல் போவதும், யாரோ நெஞ்சில் அமர்ந்தது போல் தோன்றுவதும் உண்டு. அதற்கு நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று பெயர். 1998இல் விக் டான்டி என்ற பொறியியலாளர், தம் ஆய்வகத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டு திகைத்ததை எழுதினார். அங்கிருந்த காற்றாடி எழுப்பிய, காதுக்குக் கேளாத ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று கருதினார். ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் விசித்திர அனுபவங்களைச் சொன்ன இடங்கள் சிதறலாக அமையவில்லை. சில இடங்களிலேயே குவிந்தன. சில சூழல் காரணிகளோடு அவை தொடர்புடையவையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பேய் விடுதி என்று பணம் கட்டி வருபவன் காதைத் தீட்டிக்கொண்டுதான் படுக்கிறான். மற்ற விடுதியில் மரத்தின் முனகல். இங்கே அதே ஓசை காலடி.

இப்போது தொடக்கத்தில் கேட்ட மூன்றாம் கேள்விக்குத் திரும்பலாம். அச்சத்தால் பயன் அடைந்தவர் யார்? 18ஆம் நூற்றாண்டில், ஆள் வரக் கூடாது என்பதற்காகப் பேய் உலவவிடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில், ஆள் வர வேண்டும் என்பதற்காகப் பேய் அழைக்கப்பட்டது. அன்று பேய் கடத்தல்காரனின் காவலாள்; இன்று விடுதியின் விளம்பரப் பணியாளர். பேய் மாறவில்லை, முதலாளி மாறிவிட்டார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கதைகளில் யார் விடுபட்டார்கள்? விடுதியின் பெயர் ஜமைக்கா. அந்தப் பெயருக்குரிய தீவில், அதே 18ஆம் நூற்றாண்டில், ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட பல்லாயிரம் மனிதர் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக மடிந்தார்கள். மெய்யான கொடுமை என்றால் அதுதான் கொடுமை. ஆனால் விடுதியைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் பேய்க்கதைகளில் குடிகாரன் வருகிறான், வண்டிக்காரன் வருகிறான், தொப்பிக்காரன் வருகிறான். அந்த அடிமைகளில் ஒருவரும் வருவதில்லை. பேய்களுக்கும்கூட நினைக்கப்பட்டவர், மறக்கப்பட்டவர் என்ற பிரிவு உண்டு.

ஆகவே அவையோரே, பழைய விடுதியோ பாழடைந்த மாளிகையோ, எங்கே பேய் உண்டு என்று யார் சொன்னாலும், உடனே நம்பவும் வேண்டாம். சிரித்துத் தள்ளவும் வேண்டாம். இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த அச்சத்தால் அன்று யாருக்கு ஆதாயம், இன்று யாருக்கு ஆதாயம் என்பது ஒன்று. இந்தக் கதையில் இடம் கிடைக்காமல் போனவர் யார் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை தேடிப் புறப்படுகிறவர் பேயைக் காணாமல் போகலாம். அந்த ஊரின் வரலாற்றைக் கண்டே தீருவார்.